பத்துக் கேள்விகளும் ஒரு பூஜ்ஜியமும்

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடித்து வந்த பெண்ணின் கையில் ஒரு தாளைக் கொடுக்கிறார்கள். அதில் பத்தே கேள்விகள். கடந்த ஒரு வாரத்தில் உங்கள் தோற்றத்தை நினைத்துக் கூச்சப்பட்டீர்களா? உடுத்தியிருக்கும்போது உங்கள் தோற்றம் உங்களுக்கு மனக்குறையாக இருந்ததா? உடையில்லாமல் உங்களைப் பார்த்துக்கொள்வது கடினமாக இருந்ததா? ஆட்களைத் தவிர்த்தீர்களா? தழும்பு உங்களை வருத்துகிறதா? ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்களில் ஒன்றைக் குறிக்க வேண்டும். இல்லவே இல்லை என்றால் 0, கொஞ்சம் என்றால் 1, ஓரளவு அதிகம் என்றால் 2, மிக அதிகம் என்றால் 3. கூட்டினால் 0 முதல் 30 வரை ஓர் எண் வரும். எண் ஏற ஏற வேதனை அதிகம் என்று பொருள்.

உலகெங்கும் புற்றுநோய் ஆய்வுகளில் அதிகம் பயன்படும் உடல் பிம்ப அளவுகோல் இதுதான். தன் உடலைப் பற்றி ஒருவர் மனத்தில் வைத்திருக்கும் படத்தையும், அந்தப் படத்தோடு ஒட்டியிருக்கும் உணர்ச்சிகளையும் உடல் பிம்பம் என்கிறார்கள். வியன்னாவைச் சேர்ந்த உளமருத்துவர் பால் ஷில்டர் 1935இல் எழுதிய நூலிலிருந்து இந்தக் கருத்து ஆய்வுலகில் வேரூன்றியது. அந்தப் படத்தைக் கண் மட்டும் உண்டாக்குவதில்லை, சுற்றியுள்ள மனிதர்களின் பார்வையும் சேர்ந்தே உண்டாக்குகிறது என்பது அவருடைய முக்கியமான வாதம். இவ்வளவு சிக்கலான ஒன்றைப் பத்துக் கேள்விகளால் அளக்க முடியுமா என்று கேட்பது எளிது. ஓரளவு முடியும், அளந்ததால் பெண்களுக்கு நன்மையும் விளைந்திருக்கிறது. என் கவலை வேறு இடத்தில் இருக்கிறது. பத்துக் கேள்விகளுக்கும் பூஜ்ஜியம் குறித்துவிட்டுத் தாளைத் திருப்பித் தரும் பெண்ணைப் பற்றியது அது.

இந்த அளவுகோல் ஏன் தேவைப்பட்டது என்று புரிய, அதற்கு முன் மருத்துவம் எதை எண்ணிக்கொண்டிருந்தது என்று பார்க்க வேண்டும். 1894இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் தன் அறுவை முறையின் முடிவுகளை வெளியிட்டார். மார்பகம், அதற்கு அடியிலுள்ள நெஞ்சுத் தசைகள், அக்குளில் உள்ள நிணக்கணுக்கள் அனைத்தையும் ஒரே தொகுதியாக வெட்டியெடுக்கும் முறை அது. அதுவரை அறுவை செய்த இடத்திலேயே நோய் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. ஹால்ஸ்டெட் அதை வெகுவாகக் குறைத்துக் காட்டினார். ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டு காலம் இந்த முறைதான் உலகம் முழுக்கக் கோலோச்சியது. பிழைத்த பெண்களின் நெஞ்சுக்கூடு தோலுக்கு அடியில் துருத்தி நின்றது, தோள் முழுதாக உயரவில்லை, கை வீங்கியது. மருத்துவ இதழ்களின் அட்டவணைகளில் இவற்றுக்குக் கட்டம் கிடையாது. எத்தனை பேர் உயிரோடிருக்கிறார்கள், எத்தனை பேருக்கு நோய் திரும்பியது என்ற இரண்டு கட்டங்களோடு அட்டவணை முடிந்துவிடும்.

1952இல் நியூயார்க்கில் இந்த அறுவைக்கு ஆளான டெரீஸ் லாசர் என்ற பெண், தான் கேட்க நினைத்தவற்றுக்குப் பதில் சொல்ல மருத்துவமனையில் ஆளில்லை என்று கண்டார். அறுவை முடிந்து படுத்திருக்கும் பெண்களைத் தேடிப் போய்ப் பார்க்கத் தொடங்கினார். என்ன உடுத்தலாம், கைக்கு என்ன பயிற்சி செய்யலாம், கணவரிடம் எப்படிப் பேசலாம் என்பதெல்லாம் அந்தச் சந்திப்புகளில் பேசப்பட்டன. 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அந்த இயக்கத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஆய்வாளர்கள் கேள்வித்தாள் தயாரிப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, பெண்கள் தங்களுக்குள் இந்தக் கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு லாசரின் வேலையே சான்று.

பிறகு வந்த இரண்டு பெரிய ஆய்வுகள் நிலைமையை மாற்றின. இத்தாலியில் மிலான் நகரில் உம்பெர்ட்டோ வெரோனேசி 1973இல் தொடங்கிய ஆய்வில் 701 பெண்கள் இருந்தார்கள். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் 1976இல் தொடங்கிய ஆய்வில் 1,851 பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மார்பகம் முழுவதையும் எடுப்பது ஒரு பக்கம். கட்டியையும் அதைச் சுற்றிய திசுவையும் மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுப்பது மறுபக்கம். இரு ஆய்வுகளின் 20 ஆண்டு முடிவுகளும் 2002இல் ஒரே இதழில் வந்தன. உயிர் பிழைப்பதில் இரண்டுக்கும் வேறுபாடில்லை. ஃபிஷரின் முதல் முடிவுகள் 1985இலேயே இதைச் சொல்லிவிட்டன. உயிர் காப்பதில் இரண்டும் சமம் என்றான பிறகு, எதை வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது? அந்த இடத்தில்தான் பெண்ணின் வாழ்க்கை எப்படியிருக்கிறது என்ற கேள்வி மருத்துவ ஆய்வுக்குள் நுழைந்தது.

மனத்துயரை அளக்கும் முயற்சி அதற்குச் சற்று முன்பே இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் தொடங்கியிருந்தது. உளமருத்துவர் பீட்டர் மகுவைர், மார்பகம் நீக்கப்பட்ட 75 பெண்களையும், சாதாரணக் கட்டி என்று தெரியவந்த 50 பெண்களையும் ஓராண்டு பின்தொடர்ந்து 1978இல் முடிவுகளை வெளியிட்டார். ஆண்டு முடிவில் முதல் குழுவில் நான்கில் ஒருவருக்குப் பதற்றத்துக்கோ மனச்சோர்வுக்கோ சிகிச்சை தேவைப்பட்டது. இரண்டாம் குழுவில் பத்தில் ஒருவருக்கு. மார்பகத்தைக் காப்பாற்றினால் இந்தத் துயரம் குறைந்துவிடும் என்று பலர் நினைத்தார்கள். லெஸ்லி ஃபாலோஃபீல்டு 1986இல் வெளியிட்ட ஆய்வு அந்த எதிர்பார்ப்பை உடைத்தது. மார்பகத்தைக் காத்துக்கொண்ட பெண்களுக்கும் பதற்றமும் மனச்சோர்வும் குறையவில்லை. காரணம் யோசித்தால் புரியும். நோய் திரும்புமோ என்ற பயம் இரு தரப்புக்கும் பொது. மனச்சோர்வுக் கேள்வித்தாளில் அந்தப் பயம் பெரிதாக விழும்போது, உடலைப் பற்றிய வேதனை அதற்குள் கரைந்து போகும். பொதுவான மனநலக் கேள்வித்தாள்களால் பிடிக்க முடியாத ஒன்று அங்கே இருந்தது. 1997இல் ஆன் மோயர் 40 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், இரு அறுவை முறைகளுக்கும் இடையே மனநிலை வேறுபாடு சிறிதாகவே இருந்தது. உடல் பிம்பத்தில்தான் வேறுபாடு துலங்கியது.

ஆகவே உடல் பிம்பத்துக்கென்று தனி அளவுகோல் வேண்டியிருந்தது. மான்செஸ்டரின் கிறிஸ்டி மருத்துவமனையில் பணியாற்றிய உளமருத்துவர் பெனிலோப் ஹாப்வுட் குழுவினர், ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் வாழ்க்கைத்தரக் குழுவோடு இணைந்து உருவாக்கியதுதான் நான் முதலில் சொன்ன தாள். 2001இல் வெளியானது. முதலில் பலவகைப் புற்றுநோயாளிகள் 276 பேரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். திருத்திய பின் ஏழு ஆய்வுகளைச் சேர்ந்த 682 மார்பகப் புற்றுநோய்ப் பெண்களின் பதில்களை வைத்துச் சோதித்தார்கள். எந்த நோயாளிக்கும், எந்தச் சிகிச்சைக்குப் பிறகும் பயன்பட வேண்டும், களைத்திருப்பவரும் சில நிமிடங்களில் முடித்துவிட வேண்டும் என்பவை அவர்கள் வகுத்துக்கொண்ட எல்லைகள். பத்துக் கேள்விகளோடு நிறுத்திக்கொண்டதற்கு அதுதான் காரணம். கீமோவின் குமட்டலோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் ஐம்பது கேள்விகளை நீட்டுவது கொடுமை என்று அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

பத்துக் கேள்விகளுக்கான பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் காட்டும் எண் ஒன்று உண்டு. 1ஐ நெருங்க நெருங்க ஒத்திசைவு அதிகம். இந்த அளவுகோலுக்கு அது 0.93. மிக நல்ல மதிப்புதான். ஆனால் அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பத்துக் கேள்விகளும் ஒரே திசையில் இழுக்கின்றன என்று அது சொல்கிறது. கேட்க வேண்டியவற்றை எல்லாம் கேட்டாகிவிட்டதா என்று அது சொல்வதில்லை. ஒரே கேள்வியைப் பத்து விதமாக மாற்றிக் கேட்டாலும் இந்த எண் உயர்ந்துதான் நிற்கும்.

இந்தத் தாள் என்ன சாதித்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். மார்பக அறுவைக்குப் பின் கதிர்வீச்சை 5 வாரங்களில் 25 தவணையாகக் கொடுப்பது பிரிட்டனில் பல இடங்களில் வழக்கமாக இருந்தது. அதையே சற்றுக் குறைந்த மொத்த அளவில், 3 வாரங்களில் 15 தவணையாகக் கொடுத்தால் என்ன என்று ஸ்டார்ட் என்ற பெயரில் நடந்த ஆய்வுகள் சோதித்தன. ஒரு தவணைக்கான அளவு கூடும்போது மார்பகம் சுருங்கும், தோல் தடிக்கும் என்ற அச்சம் மருத்துவர்களிடம் நெடுங்காலமாக இருந்தது. ஏறக்குறைய 2,200 பெண்கள் 5 ஆண்டுகள் தொடர்ந்து தங்கள் மார்பகம், கை, தோள், தோல், உடல் பிம்பம் பற்றிப் படிவங்களை நிரப்பித் தந்தார்கள். ஹாப்வுட் தலைமையில் 2010இல் வெளிவந்த அந்தப் பகுப்பாய்வில், 15 தவணை பெற்ற பெண்கள் தங்கள் தோலின் தோற்றம் குறைவாகவே மாறியதாகச் சொல்லியிருந்தார்கள். குறுகிய சிகிச்சை பிரிட்டனின் வழக்கமானதில் நோய் திரும்பும் விகிதம் முதல் காரணம். பெண்கள் தாங்களே எழுதித் தந்த சாட்சியம் அதற்கு அருகிலேயே நின்றது. தினமும் மருத்துவமனைக்கு அலையும் பெண்ணுக்கு இரண்டு வார அலைச்சல் மிச்சமாவது சின்ன விஷயமல்ல. நம் ஊரில் 'கரண்ட் வைக்கப் போகிறேன்' என்று சொல்லிவிட்டு விடிகாலைப் பேருந்து பிடிப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

இவ்வளவு நன்மை செய்த அளவுகோலின் பூஜ்ஜியத்துக்குத் திரும்புகிறேன்.

ஒரு பெண் பத்திலும் பூஜ்ஜியம் குறிக்கிறார். புள்ளிவிவர அட்டவணையில் அவர் 'உடல் பிம்பப் பாதிப்பு இல்லாதவர்'. அந்தப் பூஜ்ஜியத்துக்குப் பல வழிகளில் வந்து சேரலாம். உண்மையாகவே உடலோடு சமாதானமாக இருக்கிறார் என்பது ஒரு வழி. அப்படிப்பட்ட பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இல்லாத துயரை இருப்பதாக ஆய்வாளர்கள் கற்பிக்கக் கூடாது.

இன்னொரு வழியை 1999இல் மிர்ஜம் ஸ்ப்ராங்கர்ஸ், கரோலின் ஷ்வார்ட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் தெளிவாக விளக்கினார்கள். பெரிய நோயைக் கடந்தவர்களின் உள்ளுக்குள் இருக்கும் அளவுகோலே நகர்ந்துவிடுகிறது. முன்பு பெரிதாகத் தெரிந்தது இப்போது சிறிதாகத் தெரிகிறது. எது முக்கியம் என்ற வரிசை மாறுகிறது. 'நலம்' என்பதற்கே அவர்கள் கொடுக்கும் பொருள் மாறுகிறது. உயிரோடு இருப்பதே பெரிது, தழும்பைப் பற்றி என்ன பேச்சு என்று நினைக்கும் பெண் 0 எழுதுகிறார். அது பொய்யல்ல. ஆனால் ஆறு மாதம் முன்பு அவர் எழுதிய 2க்கும் இன்று எழுதும் 0க்கும் உள்ள வேறுபாட்டை உடல் பிம்பம் மேம்பட்டதாக எழுதும் ஆய்வாளர், எதை அளந்தோம் என்று ஒருமுறை நிதானிக்க வேண்டும்.

கேள்வி அவருடைய வாழ்க்கையைத் தொடாமலே போனதால் வரும் பூஜ்ஜியம் வேறு வகை. பாலுறவு ஈர்ப்பு குறைந்ததாக உணர்கிறீர்களா என்று தாள் கேட்கிறது. பல ஆண்டுகளாக அந்தப் பேச்சுக்கே இடமில்லாத வாழ்க்கையில் இருக்கும் பெண் 'இல்லவே இல்லை' என்றுதான் குறிப்பார். குறைவதற்கு அங்கே எதுவும் கணக்கில் இருந்ததில்லை. உடையில்லாமல் தன்னைப் பார்ப்பது கடினமா என்ற கேள்வியும் அப்படியே. அறுவைக்குப் பின் ஒருமுறைகூடக் கண்ணாடி முன் நிற்காத பெண், பார்ப்பதைத் தவிர்த்ததாலேயே 'கடினமாக இல்லை' என்று குறிக்கக்கூடும். அதிகமாகத் துன்பப்படுபவரும் துன்பமே இல்லாதவரும் ஒரே கட்டத்தில் போய் உட்காருகிறார்கள்.

கடைசியாக, சொல்ல விருப்பமில்லாததால் வரும் பூஜ்ஜியம். இதற்கு விளக்கம் தேவையில்லை.

அளவீட்டியலில் இதற்கு ஒரு எச்சரிக்கைக் கோடு வைத்திருக்கிறார்கள். பதில் தந்தவர்களில் 15 சதவீதத்துக்கு மேல் மிகக் குறைந்த மதிப்பிலேயே நின்றால், அந்த அளவுகோல் அந்த மக்களிடையே உள்ள வேறுபாடுகளைப் பிரித்துக் காட்டவில்லை என்று சந்தேகிக்க வேண்டும். இந்தச் சந்தேகத்தை எழுப்பாமல் சராசரியை மட்டும் அச்சிடும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. சராசரி 7 என்றால் எல்லோரும் 7க்கு அருகில் இருக்கிறார்கள் என்று பொருளில்லை. பாதிப் பேர் 0வில், மீதிப் பேர் 14இல் இருந்தாலும் சராசரி 7தான்.

தொடக்கப் புள்ளி என்ற சிக்கலும் இருக்கிறது. இந்தத் தாளின் சில கேள்விகள் 'நோயாலோ சிகிச்சையாலோ' நேர்ந்த மாற்றத்தைத்தான் கேட்கின்றன. அதனால் நோய்க்கு முன்பு அந்தப் பெண் தன் உடலை எப்படி நினைத்தார் என்று இதே தாளால் அளக்க வழியில்லை. நோயில்லாத பெண்களிடம் கொடுத்து ஒப்பிடவும் முடியாது. நாற்பது வயதில் பிள்ளைப்பேறுகளால் தளர்ந்த வயிற்றைப் பற்றியும், ஏறிய எடையைப் பற்றியும் ஏற்கெனவே மனக்குறையோடு இருந்தவருக்கும், உடலைப் பற்றி நினைத்தே பார்க்காதவருக்கும் அறுவை ஒரே விதமாக விழுவதில்லை. மயாமியில் சார்ல்ஸ் கார்வர் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வு இந்த இடத்தைத் தொட்டது. தோற்றத்தின்மேல் தன்மதிப்பை வைத்திருப்பதும், உடல் குறையின்றி முழுமையாக இருப்பதன்மேல் தன்மதிப்பை வைத்திருப்பதும் இரண்டு தனித்தனி விஷயங்கள் என்று அவர்கள் பிரித்தார்கள். முதல் வகைப் பெண்ணுக்குத் துணிக்குள் வைக்கும் செயற்கை மார்பகம் பெரும்பாலும் உதவிவிடும். இரண்டாம் வகைப் பெண்ணுக்கு வெளியில் எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் உள்ளே ஒன்று இல்லாமல் போனது இல்லாமல் போனதுதான். ஹாப்வுட்டின் தாள் இரண்டைப் பற்றியும் கேட்கிறது. ஆனால் கூட்டி ஒரே எண்ணாக்கும்போது வேறுபாடு மறைந்துவிடுகிறது.

கனடாவில் டொராண்டோ நகரில் நான்சி பாக்ஸ்டர் குழுவினர் 2006இல் வெளியிட்ட நீண்ட கேள்வித்தாள் இதைச் சரிசெய்ய முயன்றது. மார்பகப் புற்றுநோய்க்கென்றே செய்யப்பட்ட அது, ஆறு தனித்தனி எண்களைத் தருகிறது. உடல் இனி நம்பத்தக்கதல்ல என்ற அச்சத்துக்கு ஒன்று, உடலை மறைக்க வேண்டும் என்ற உணர்வுக்கு ஒன்று, செயல்பாட்டுத் தடைகளுக்கு ஒன்று, உடல் வடிவம் பற்றிய கவலைக்கு ஒன்று, கை பற்றிய கவலைக்கு ஒன்று. ஆறாவதுதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது: தனக்கு நேர்ந்தது பிறர் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது என்ற உணர்வை அது அளக்கிறது. துணியை ஊடுருவி எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தோன்றுவது. ஷில்டர் சொன்ன பிறர் பார்வை இங்கே தனி எண்ணாக வந்து நிற்கிறது.

பிறர் பார்வை எவ்வளவு கனமானது என்பதை அமெரிக்கக் கவிஞர் ஆட்ரி லார்ட் தன் அனுபவமாக எழுதியிருக்கிறார். 1978இல் அவருடைய ஒரு மார்பகம் நீக்கப்பட்டது. செயற்கை மார்பகம் எதையும் வைத்துக்கொள்ளாமல், நன்றாக உடுத்தி, தைரியத்தோடு மருத்துவரைப் பார்க்கப் போனார். அங்கிருந்த செவிலி அதை அணியாமல் வந்தால் காத்திருக்கும் மற்றவர்களின் மனம் சோர்ந்துவிடும் என்ற பொருளில் கண்டித்தார். 1980இல் வெளிவந்த தன் புற்றுநோய்க் குறிப்புகளில் லார்ட் இதைக் கோபத்தோடு பதிவு செய்தார். அன்று காலை அவரிடம் பத்துக் கேள்வித் தாளைக் கொடுத்திருந்தால் ஓர் எண் வந்திருக்கும். அந்த அறையை விட்டு வெளியே வந்தபின் கொடுத்திருந்தால் இன்னோர் எண் வந்திருக்கும். இடையில் அவர் உடலில் எந்த மாற்றமும் நிகழவில்லை.

கேள்வித்தாளே ஒருவகை உடலைச் சரியானதாக எடுத்துக்கொண்டுவிடும் அபாயமும் உண்டு. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் ஆண்ட்ரியா பூசிக் குழுவினர் உருவாக்கி 2009இல் வெளியிட்ட பிரெஸ்ட்-க்யூ என்ற அளவுகோல், மறுசீரமைப்பு அறுவையின் பலனை அளக்கச் சிறந்த கருவி. பிரா எவ்வளவு வசதியாகப் பொருந்துகிறது என்பது போன்ற கேள்விகள் அதில் இருக்கின்றன. மறுசீரமைப்பே வேண்டாம், தட்டையாகவே இருக்கிறேன் என்று முடிவெடுத்து பிராவையும் கைவிட்ட பெண் இதற்கு என்ன பதில் சொல்வார்? அவருடைய நிம்மதிக்கு அந்தத் தாளில் மதிப்பெண் இல்லை. கலிஃபோர்னியாவில் அறுவை மருத்துவர் டியானா அட்டாய் தலைமையில் 2021இல் வெளிவந்த கணக்கெடுப்பு, தட்டையாக இருக்கும் 931 பெண்களிடம் நேரடியாகக் கேட்டது. 74 சதவீதம் பேர் திருப்தியாக இருப்பதாகச் சொன்னார்கள். தங்கள் முடிவை அறுவை மருத்துவர் மதிக்கவில்லை அல்லது ஆதரிக்கவில்லை என்ற அனுபவம் 22 சதவீதம் பேருக்கு இருந்தது. திருப்திக்கும் அதிருப்திக்கும் காரணம் உடலில் மட்டும் இல்லை, மருத்துவர் நடந்துகொண்ட விதத்திலும் இருந்தது என்பதை அந்த ஆய்வு காட்டியது. இணையத்தில் ஒருங்கிணைந்திருந்த பெண்களிடம் எடுத்த கணக்கு என்பதால் எல்லாப் பெண்களுக்கும் இந்தச் சதவீதத்தைப் பொருத்த முடியாது. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று காட்டியதற்கு அதுவே போதும்.

இந்தியாவில் 2022இல் மட்டும் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டதாக சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டது. பலர் கட்டி முற்றிய பிறகே வருவதால் மார்பகம் முழுவதையும் நீக்கும் அறுவையே இங்கு அதிகம். ஆகவே உடல் பிம்பத்தை அளக்கும் தேவையும் இங்கே அதிகம். அளக்கும் கருவிகள் பெரும்பாலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பிறந்தவை. தன் தாள்களை வேறு மொழிக்குக் கொண்டுவர, முன்பு சொன்ன ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு கடுமையான விதிமுறை வைத்திருக்கிறது. இருவர் தனித்தனியாக மொழிபெயர்க்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டு ஒன்றாக்க வேண்டும். வேறு இருவர் அதை மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும். பிறகு 10 முதல் 15 நோயாளிகளிடம் கொடுத்துப் புரிகிறதா என்று பார்க்க வேண்டும். இலங்கையில் அந்த அமைப்பின் மார்பகப் புற்றுநோய்க் கேள்வித்தாளின் சிங்கள வடிவம் சோதிக்கப்பட்டு 2008இல் ஆய்வு முடிவு வெளியானது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம் இன்னொரு பாதையைத் தேர்ந்தது. வெளியிலிருந்து வந்ததை மொழிபெயர்ப்பதோடு நிற்காமல், இந்திய நோயாளிகளுக்கென்று சொந்தமாகவே ஒரு வாழ்க்கைத்தரக் கேள்வித்தாளை அங்குள்ள உளவியல் துறையினர் உருவாக்கி, 2005இல் அதன் சோதனை முடிவுகளை வெளியிட்டார்கள். அது நோயாளியின் முழு வாழ்க்கைத்தரத்துக்கான தாள். உடல் பிம்பத்துக்கென்று எழுதியதல்ல. ஆனால் அந்த வழிதான் சரியென்று நினைக்கிறேன்.

எவ்வளவு துல்லியமாக மொழிபெயர்த்தாலும், கேள்விக்குப் பின்னால் இருக்கும் வீடு மாறுவதில்லை. கதவு மூடிய தனியறை, ஆளுயரக் கண்ணாடி, தானே படித்துத் தானே நிரப்பும் பெண்: இந்த மூன்றும் ஹாப்வுட்டின் தாளுக்குள் சத்தமில்லாமல் இருக்கின்றன. இங்கே புறநோயாளிகள் பிரிவில் படிக்கத் தெரியாத அம்மாவுக்கு வேறொருவர் கேள்வியை உரக்க வாசிக்கிறார். பக்கத்தில் மகன் நிற்கிறான், அல்லது மாமியார் உட்கார்ந்திருக்கிறார். 'எனக்கென்னம்மா, நல்லாத்தான் இருக்கேன்' என்ற பதிலைத் தவிர வேறு எதை எதிர்பார்க்க முடியும்? இந்தப் பதிலை 0 என்று பதிந்துவிட்டு, நம் பெண்கள் உடலைப் பற்றி அவ்வளவாகக் கவலைப்படுவதில்லை என்று ஆய்வின் முடிவுரையில் எழுதுவது அநியாயம். யார் வாசித்தார்கள், அருகில் யார் இருந்தார்கள் என்பதையாவது ஆய்வுக் கட்டுரையின் முறையியல் பகுதியில் எழுத வேண்டும்.

நம் ஊர்ப் பெண்களின் வாயிலிருந்து கேள்விகள் பிறந்தால் அவை எப்படியிருக்கும்? நான் ஊகமாகவே சொல்கிறேன். வாசலில் ஆள் வந்தால் நைட்டியின்மேல் துண்டைப் போடாமல் கதவைத் திறப்பீர்களா? பிளவுஸ் அளவு கொடுக்க டெய்லரிடம் கடைசியாக எப்போது போனீர்கள்? வீங்கிய கையில் வளையல் ஏறாமல் போனதைப் பற்றி யாராவது கேட்டார்களா? பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நிற்கும்போது எந்தப் பக்கம் ஆள் நிற்கிறார் என்று பார்க்கிறீர்களா? கல்யாண வீட்டில் மற்ற பெண்களோடு ஒரே அறையில் புடவை மாற்றுவதைத் தவிர்க்கிறீர்களா? கீமோவில் முடி கொட்டியபோது, வேண்டுதலுக்கு மொட்டை போட்டேன் என்று சொல்லிச் சமாளித்தீர்களா? இவற்றில் எதுவும் அழகைப் பற்றியோ ஈர்ப்பைப் பற்றியோ கேட்பதாகத் தோன்றாது. ஆனால் தோற்றத்தைப் பற்றி நேராகக் கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும் பெண், டெய்லர் கேள்விக்கு ஐந்து நிமிடம் பேசக்கூடும். சேலை நிறைய மறைக்கும் உடை என்பதால் 'உடுத்தியிருக்கும்போது' என்ற கேள்விக்கு நம்மிடம் குறைந்த மதிப்பெண் வருவதற்கு வாய்ப்பு அதிகம். நைட்டியில் இருக்கும் பகல் நேரத்தைப் பற்றி அந்தக் கேள்வி எதையும் அறியாது. இவை அளவுகோலாக வேண்டுமென்றால் நூற்றுக்கணக்கான பெண்களோடு பேசி, ஒதுக்கி, சேர்த்து, சோதிக்க வேண்டும். அது ஓர் ஆய்வு மாணவரின் முனைவர் பட்ட வேலை. செய்து பார்க்கத் தகுந்த வேலை.

அதுவரை கையில் இருக்கும் தாளை எப்படிப் பயன்படுத்துவது? எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் போனால் உதவி தேவை என்பதற்கு எல்லோரும் ஏற்ற எல்லைக்கோடு இந்த அளவுகோலுக்கு இல்லை. சில ஆய்வுகள் 10ஐ வைத்துக்கொள்கின்றன. ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஒன்பது கேள்விகளுக்கு 0 குறித்திருக்கிறார். ஆட்களைத் தவிர்த்தீர்களா என்ற கேள்விக்கு மட்டும் 3. கூட்டினால் மொத்தம் 3; எந்த எல்லைக்கோட்டுக்கும் வெகு கீழே. ஆனால் அந்த ஒரு 3க்குள் அவர் போகாத கல்யாணங்கள், விட்டுவிட்ட வேலை, பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்ததும் உள்ளே போய்விடும் பழக்கம் எல்லாம் இருக்கலாம். இந்தத் தாளை வாங்கிப் பார்க்கும் செவிலியோ சமூகப் பணியாளரோ கூட்டல் போடுவதற்கு முன் 3 குறித்த இடங்களையும், ஒன்றும் குறிக்காமல் விட்ட இடங்களையும் பார்க்க வேண்டும். ஆய்வாளர்கள் விடுபட்ட பதில்களைச் சராசரியால் நிரப்பிவிட்டுக் கணக்கைத் தொடர்வது வழக்கம். எந்தக் கேள்வியை எத்தனை பேர் வெறுமையாக விட்டார்கள் என்ற எண்ணையும் மொத்த மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிட ஒரு வரி கூடுதலாகத் தேவைப்படும், அவ்வளவுதான்.